கரும்பன் தின்ற தேனிலை

மேகங்கள் இறங்கி வந்து மரக்கிளைகளில் உட்கார்ந்து இளைப்பாறும் ஒரு காட்டில் கரடி ஒன்று இருந்தது. அதன் பெயர் கரும்பன்.

கறுப்பாக இருந்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தைகளே. எல்லாக் கரடியும் கறுப்புதான். இந்தக் கரடிக்கு இனிப்பென்றால் உயிர். அதனால் வந்த பெயர்.

காட்டின் நடுவே ஒரு வேங்கை மரம் நின்றது. அதன் உயரத்தில் ஒரு பொந்து, பொந்துக்குள் தேனடை. காலையில் கரும்பன் அந்த மரத்தில் ஏறும். பொந்துக்குள் கையை விட்டு ஒரு துண்டு அடையைப் பிய்க்கும். தேனீக்கள் அதன் மூக்கைத் தேடிப் பிடித்துக் கொட்டும். "ஊ! ஊ!" என்று அலறிக்கொண்டே கரும்பன் தின்னும். பிறகு இறங்கி வந்து ஒரு கறையான் புற்றைத் தோண்டி உறிஞ்சும். அதற்கு மேலும் இடமிருந்தால், அத்தி மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களில் நாலைந்து. அத்துடன் வயிறு "போதும்" என்று சொல்லிவிடும். கரும்பன் நிழல் பார்த்துப் படுத்துவிடும்.

அந்த அத்தி மரத்துக்கு எதிரே உயரமான மரம் ஒன்றில் வளையலகன் என்ற இருவாச்சிப் பறவை குடியிருந்தது. பெரிய பறவை, பெரிய மஞ்சள் அலகு. அதற்கும் அத்திப்பழம்தான் உணவு.

"கீழே விழுந்தது உனக்கு, மரத்தில் இருப்பது எனக்கு" என்று இரண்டும் எப்போதோ பேசி வைத்திருந்தன. பேச்சு மாறியதில்லை. சில நாள் வளையலகன் நல்ல பழமாகப் பார்த்து ஒன்றிரண்டை வேண்டுமென்றே கீழே தள்ளும்.

"கை தவறிவிட்டது, கரும்பா!" என்று மேலிருந்து சொல்லும்.

அதற்குக் கையே கிடையாது. கரும்பன் சிரித்துக்கொண்டு தின்னும்.

அந்தக் கோடையில் வளையலகனின் மனைவி பொன்னலகி முட்டையிட்டது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் இருக்கும். உள்ளே அது தன் இறக்கைச் சிறகுகளையும் உதிர்த்துவிடும். குஞ்சு பொரித்து, சிறகு மறுபடி முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. அதுவரை ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் சாப்பாடு. 

வளையலகன் நாள் முழுக்க அத்தி மரத்துக்கும் பொந்துக்கும் பறந்துகொண்டிருந்தது.

கரும்பனின் காலம் மட்டும் எப்போதும்போல் சுகமாகப் போயிற்று. ஒரு நாள் காலை கிளை முறியும்வரை.

வேங்கை மரத்தில் வழக்கமாகக் கால் வைக்கும் கிளைதான். அன்று படாரென்று முறிந்தது. கரும்பன் முட்புதருக்குள் தலைகீழாக விழுந்தது. அந்தக் கிளை உள்ளே உளுத்துப் போயிருந்தது. கரும்பன் அதைப் பார்க்கவில்லை. அதன் காதில் விழுந்ததெல்லாம் குரங்குகளின் கூச்சல்தான்.

"மலை சரிந்தது! மலை சரிந்தது!" என்று குரங்குகள் கைகொட்டிச் சிரித்தன.

கரும்பன் முள்ளைப் பிடுங்கிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்தது.

வேங்கைக்குப் பக்கத்து மரத்தில் நயவன் என்ற மரநாய் இருந்தது. அதன் வாயில் வெல்லம். மனத்தில் என்ன என்பது அதற்கு மட்டுமே தெரியும். அந்தப் பொந்துத் தேன்மேல் அதற்கு நெடுநாள் ஆசை. கரடி நாள்தோறும் வந்துபோகிற மரத்தில் வாய்வைக்கத் துணிவில்லாமல் இருந்தது. இப்போது அது மெல்ல இறங்கி வந்தது.

"ஐயோ, கரடியாரே! அடி பலமோ?"

"அடி கிடக்கட்டும், நயவா. உண்மையைச் சொல். நான் அவ்வளவு பருமனா?"

நயவன் ஓரடி பின்னால் தள்ளி நின்றது. கரடியை மேலும் கீழும் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டது. 'ஆம்' என்று சொல்லியிருந்தால்கூடக் கரும்பனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"எல்லாம் அந்தத் தேன் செய்கிற வேலை" என்றது நயவன்.

"தேனை விட்டுவிடலாம்தான். இனிப்பு இல்லாமல் நான் எப்படி உயிரோடிருப்பேன்?"

"இனிப்பை விடச் சொன்னது யார்? தேனை விடுங்கள், போதும்."

நயவன் ஓடிப்போய், பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பிடி இலை கொண்டுவந்து நீட்டியது. சின்னச் சின்னப் பச்சை இலைகள். பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. கரும்பன் ஒன்றை எடுத்து மென்றது. அதன் கண்கள் விரிந்தன.

"அம்மாடி! தேனைவிடப் பத்து மடங்கு இனிக்கிறதே!"

"இதன் பெயர் தேனிலை. இனிப்பும் கிடைக்கும், பசியும் ஆறும், உடம்பும் ஏறாது. வெறும் இலை, கரடியாரே! இலை தின்று பருத்தவர் உலகத்தில் உண்டா?"

"யானை?" என்று கேட்டது கரும்பன்.

அது நயவன் காதில் விழவில்லை. "இந்தக் கொடி எங்கே படர்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நாள்தோறும் ஒரு கட்டு கொண்டுவந்து தருகிறேன். பதிலுக்கு எதுவும் வேண்டாம்" என்றது.

"எதுவுமே வேண்டாமா?"

"எதற்கு? நமக்குள் என்ன இருக்கிறது! ஆனால் ஒன்று. நீங்கள் இனித் தேன் பக்கம் போகப் போவதில்லை. அந்தப் பொந்து சும்மா கிடக்கும். கண்ட கண்ட பிராணி வந்து கை வைக்கும். நீங்கள் சொன்னால் நான் காவல் இருக்கிறேன்."

"உனக்கு எவ்வளவு நல்ல மனசு, நயவா! இனி அந்தப் பொந்து உன் பொறுப்பு" என்றது கரும்பன்.

அன்று முதல் காலையில் தேனுக்குப் பதில் தேனிலை. வாயெல்லாம் தித்தித்தது. மரமேற வேண்டாம். தேனீ கொட்டாது. குரங்குகள் சிரிக்க வழியில்லை. கரும்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

வாயில் இனிப்பு பட்டதும் வயிறு பந்திக்கு உட்கார்ந்துவிட்டது. 'இதோ வருகிறது தேன்' என்று காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு 'கடமுட' என்று சத்தம் போட ஆரம்பித்தது.

கரும்பன் கறையான் புற்றைத் தோண்டியது. ஒரு புற்று பற்றவில்லை. இரண்டாவதையும் தோண்டியது. பிறகு யோசித்தது.

'தேனைத்தான் விட்டுவிட்டோமே! காலையில் வெறும் இலை. அதற்குப் பதிலாக இன்னொரு புற்றைத் தோண்டினால் என்ன குறைந்துவிடும்?'

மூன்றாவதையும் தோண்டியது.

மறுநாள் நயவனிடம் கேட்டது. "இலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னைவிட அதிகமாகப் பசிக்கிறதே?"

"புதிதல்லவா? கொஞ்சமாகத் தின்கிறீர்கள். இன்னும் ஒரு பிடி சேர்த்துத் தின்னுங்கள்."

கரும்பன் இன்னும் ஒரு பிடி தின்றது. வயிறு இன்னும் உரக்கக் கத்தியது. அதற்கடுத்த நாள் இரண்டு பிடி. இப்போது வேறொரு சங்கடமும் வந்தது. அந்த இலையின் இனிப்பு பழகிய நாக்குக்கு மற்ற எல்லாம் சப்பென்று இருந்தன. உதிர்ந்த அத்திப்பழத்தைக் கடித்தால் மண்கட்டியைக் கடித்ததுபோல் இருந்தது. ருசிக்காததால் அது பழத்தை விட்டுவிடவில்லை. அடுத்த பழமாவது இனிக்குமோ என்று தின்றது. அதற்கடுத்ததையும் தின்றது.

பத்து நாளில் மரத்தடியில் உதிர்ந்த பழம் ஒன்றுகூட மிச்சமில்லை.

அத்தி மரம் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். கரும்பன் நின்றபடியே அந்தக் கொத்துகளை உருவத் தொடங்கியது. மேலே உட்கார்ந்திருந்த வளையலகன் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது.

"கரும்பா, கீழே விழுந்ததுதானே உனக்கு?"

"இதுவும் கீழேதானே காய்த்திருக்கிறது?" என்றது கரும்பன். அப்படிச் சொன்னது அதற்கே பிடிக்கவில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை.

பொந்துக்குள் குஞ்சு பொரித்திருந்தது. பேசி நிற்க வளையலகனுக்கு நேரம் இல்லை. உச்சிக்கிளையில் இருந்த பழங்களைக் கொத்தித் தொண்டையில் நிரப்பிக்கொண்டு பறந்தது.

இரண்டு நாளில் அடிமரம் மொட்டையாயிற்று. மூன்றாம் நாள் கரும்பன் மரத்தின் மேலேயே ஏறிவிட்டது.

'இன்று மட்டும்' என்று நினைத்துக்கொண்டது. 'நாளையிலிருந்து இலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.'

ஒரு கிளையைப் பற்றி உலுக்கியது. பழம் பொலபொலவென்று கொட்டியது. ஒவ்வொரு கிளையாக உலுக்கிக்கொண்டே போய்க் கடைசிக் கிளையைப் பற்றியது. பழம் வரவில்லை. பற்களை நறநறவென்று கடித்துக்கொண்டு இன்னும் பலமாக உலுக்கியது. கிளை முறிந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ்க்கிளையில் வந்து இறங்கிய வளையலகனின் இறக்கைமேல் அது விழுந்தது.

வளையலகன் தரையில் கிடந்தது. ஓர் இறக்கை மடங்கவே இல்லை. விசிறிபோல் விரிந்து மண்ணில் கிடந்தது.

கரும்பன் சரசரவென்று இறங்கி ஓடியது. "வளையா! வளையா! நான் பார்க்கவில்லை!"

வளையலகன் திட்டவில்லை. வலியைப் பற்றியும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டது. "மரத்தில் பழம் மிச்சம் இருக்கிறதா?"

கரும்பன் அண்ணாந்து பார்த்தது. இலை இருந்தது. கிளை இருந்தது. பழம் இல்லை. கொட்டிய பழத்தைத் தேடிக் கீழே பார்த்தது. இறங்கி ஓடி வந்த வேகத்தில் அதன் கால்களே அவற்றை மிதித்துக் கூழாக்கியிருந்தன.

எதிர்மரப் பொந்திலிருந்து பொன்னலகியின் குரல் வந்தது. "ஏன் இன்னும் வரவில்லை? குஞ்சு வாயைத் திறந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறதா?"

கீற்றுக்குள் மஞ்சள் அலகின் நுனி மட்டும் தெரிந்தது. அது இங்கும் அங்கும் திரும்பியது. வெளியே நடந்தது எதுவும் அதற்குத் தெரியவில்லை.

கரும்பன் வளையலகன் பக்கம் குனிந்தது. "நான் கொண்டுவருகிறேன்" என்றது. "வேறு அத்தி மரம் எங்கே இருக்கிறது, சொல்."

"மலைக்கு அந்தப் பக்கம், ஓடையைத் தாண்டி. பறந்து போனால் பக்கம். நடந்து போய்வர அரைநாள்."

"மாலைக்குள் வந்துவிடுகிறேன்."

"வாயில்தானே கொண்டுவர வேண்டும்?" என்று கேட்டது வளையலகன். "அவ்வளவு தூரம் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு வர உன்னால் முடியுமா, கரும்பா?"

"முடியும்."

போகும் வழியில் கரும்பன் நயவனைத் தேடிப் போனது. பசியோடு பழம் சுமப்பது கடினம் என்று அதற்குத் தெரியும். நடந்ததைச் சொல்லி இலை கேட்டது.

"அடடா, பாவம்!" என்றது நயவன். "இந்தாருங்கள், இரண்டு கட்டு. வழிநெடுக மென்றுகொண்டே போங்கள். பசி கிட்டவே வராது. பழத்தின்மேல் ஆசையும் வராது."

கரும்பன் மென்றுகொண்டே மலையேறியது. மென்றுகொண்டே இறங்கியது. ஓடையைத் தாண்டியது. அந்த அத்தி மரத்தில் பழம் செக்கச்செவேலென்று பழுத்துத் தொங்கியது. ஒன்றைக்கூடத் தின்னக்கூடாது என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கன்னமும் புடைக்கப் பழத்தை அடக்கிக்கொண்டது. திரும்பி நடந்தது.

காலையிலிருந்து இனிப்பை மட்டும் ருசித்துக் காய்ந்த வயிறு அது. வாய் நிறையப் பழம் வந்ததும் அதற்குப் பொறுக்கவில்லை. ஓடையருகே ஒரு பழம் நாக்கில் நசுங்கியது. 'நசுங்கியதை வைத்து என்ன செய்வது?' என்று கரும்பன் விழுங்கிவிட்டது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. மூச்சோடு இரண்டு பழம் உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு போனது எதுவும் அதற்கே தெரியவில்லை. தொண்டை தானாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

மாலையில் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது கன்னங்கள் சுருங்கிக் கிடந்தன. நாக்கால் துழாவிப் பார்த்தது. கடைவாயில் ஒரே ஒரு பழம் இருந்தது.

வளையலகன் அதன் முகத்தைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

கரும்பன் மரத்தில் ஏறியது. கீற்றருகே முகத்தை வைத்து, தன் நீண்ட உதட்டைக் குவித்து, அந்த ஒற்றைப் பழத்தை நீட்டியது. உள்ளிருந்து அலகு வந்து வாங்கிக்கொண்டது.

"யார்? கரும்பன் அண்ணனா?" என்றது பொன்னலகி. "அடிபட்டதைக் கீழிருந்து அவர் சொன்னார். இவ்வளவு தூரம் போய் வந்தீர்களாமே!"

"ஆமாம், அம்மா."

"ஒன்றுதான் கிடைத்ததா, அண்ணா?"

கரும்பன் மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டது.

"பரவாயில்லை. குஞ்சுக்கு ஆயிற்று" என்றது பொன்னலகி.

உள்ளே குஞ்சு விழுங்கும் சத்தம் கேட்டது. அது விழுங்கி முடித்துவிட்டு மறுபடி கத்தியது. கரும்பன் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தது. மரத்தைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கரும்பன் நயவனின் மரத்துக்குப் போனது. நேற்று இரண்டு கட்டு போதவில்லை. இன்று நாலு கட்டு கேட்க வேண்டும் என்பதுதான் அதன் எண்ணம்.

நயவன் தன் மரத்தில் இல்லை. வேங்கைக் கிளையில் மல்லாந்து கிடந்தது. மீசையில் தேன் காய்ந்து ஒட்டியிருந்தது. வயிறு மெல்ல ஏறி இறங்கியது. பக்கத்தில் கடித்து மீதி வைத்த அடைத்துண்டு ஒன்று கிடந்தது. அதன்மேல் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. நயவன் அதைச் சட்டை செய்யவில்லை.

கரும்பன் அந்த மீதித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றது. தேனை மீதி வைக்க ஒரு பிராணியால் முடியுமா? தானும் ஒரு காலத்தில் அப்படித்தான் மீதி வைத்ததாக ஒரு நினைவு.

"நயவா" என்று கூப்பிட்டது.

"ம்" என்றது நயவன், கண்ணைத் திறக்காமல்.

"நீ தேனிலை தின்பதில்லையா?"

அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் வாயில் பொய் சட்டென்று வராது.

"அதையா? அதைத் தின்றால் எனக்குப் பசி எப்படி ஆறும்?" என்று முணுமுணுத்தது நயவன்.

சொல்லிவிட்டுத்தான் கண்ணைத் திறந்தது. கீழே நிற்பது யார் என்று பார்த்தது. துள்ளி எழுந்தது.

"கரடியாரே! அதாவது, என் வயிறு வேறு, உங்கள் வயிறு வேறு. நான் சொல்ல வந்தது..."

"இனிப்பு கிடைக்கும் என்றாய். கிடைத்தது" என்றது கரும்பன். "பசி ஆறும் என்றும் சொன்னாயே?"

"இன்னும் கொஞ்ச நாள் போனால்..."

"கீழே இறங்கு, நயவா."

"பொந்தை எனக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தீர்கள்!"

"காவலுக்குத்தான் கொடுத்தேன். காவல் போதும்."

கரும்பன் மரத்தில் முதல் நகத்தைப் பதித்தது. இரண்டாவது நகம் பதிவதற்குள் நயவன் அடுத்த மரத்துக்குத் தாவி, அதற்கடுத்த மரத்துக்கும் தாவி, கண்ணுக்கு மறைந்துவிட்டது.

கரும்பன் பொந்துக்குள் கையை விட்டது. தேனீக்கள் வந்தன. மூக்கில் கொட்டின. "ஊ! ஊ!" என்று அலறிக்கொண்டே ஒரு துண்டு அடையைப் பிய்த்துத் தின்றது. முதலில் இனிப்பே தெரியவில்லை. தேனிலை தின்று மரத்த நாக்கு அது. கரும்பன் அதற்காகக் கவலைப்படவில்லை. மெழுகும் புழுவும் தேனுமாக மென்று விழுங்கியது. இறங்கி வந்து ஒரு புற்றைத் தோண்டியது. உறிஞ்சியது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

குஞ்சு பசியோடிருக்கிறது, எழுந்து ஓடு என்று மனம் சொன்னது. கரும்பன் ஓடவில்லை. நேற்று ஓடிப் பார்த்தாயிற்று. இன்று வயிறு என்ன சொல்கிறது என்று கேட்காமல் கிளம்புவதில்லை என்று உட்கார்ந்திருந்தது.

வெயில் ஒரு முழம் ஏறியது.

எத்தனையோ நாளாகப் பேசாமல் இருந்த குரல் ஒன்று உள்ளே கேட்டது. அது கத்தவில்லை. மெல்லத்தான் சொன்னது: "போதும்."

கரும்பன் எழுந்து மலையைப் பார்த்து நடந்தது.

அத்தி மரத்தடியில் நின்று, நசுங்காத பழமாகப் பொறுக்கிக் கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டது. ஓடைக்கு வந்தபோது தொண்டை வறண்டு போயிருந்தது. தண்ணீர் சலசலத்து ஓடியது. குடிக்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் பழம் போய்விடும். கரும்பன் முன்கால்களை நீரில் நனைத்துக்கொண்டு மறுகரை ஏறியது. மேட்டில் ஒரு பழம் நசுங்கிச் சாறு நாக்கில் வழிந்தது. இனித்தது. இனிக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்படியே நடந்தது. வயிறு ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் சாய்வதற்குள் மரத்தடிக்கு வந்துவிட்டது. வளையலகன் தலையைத் தூக்கிப் பார்த்தது. கரும்பனால் பேச முடியவில்லை. புடைத்த கன்னங்களை மட்டும் காட்டியது.

"ஏறு, ஏறு!" என்றது வளையலகன்.

கரும்பன் ஏறியது. கீற்றருகே உதட்டைக் குவித்து ஒரு பழத்தை நீட்டியது. அலகு வாங்கிக்கொண்டது. இன்னொன்றை நீட்டியது. வாங்கிக்கொண்டது. அப்படியே நீட்டிக்கொண்டே இருந்தது. முதல் பழங்களெல்லாம் குஞ்சுக்குப் போயின. குஞ்சின் கத்தல் குறைந்து, கடைசியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் பொன்னலகி ஒன்றை எடுத்துத் தான் விழுங்கியது.

வாய் காலியானதும் கரும்பன் முதலில் சொன்னது இதுதான்: "நேற்றும் நிறையப் பழம் இருந்தது, அம்மா. வழியில் நான்தான் தின்றுவிட்டேன்."

கீற்றில் தெரிந்த அலகு உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது.

"இன்று?" என்று கேட்டது பொன்னலகி.

"இன்று தின்றுவிட்டுப் போனேன். அதனால் தின்னவில்லை."

"அப்படியானால் நாளைக்கும் தின்றுவிட்டே போங்கள், அண்ணா" என்றது பொன்னலகி.

கரும்பன் ஒவ்வொரு நாளும் தேனும் கறையானும் தின்று, மலை தாண்டிப் போய் வந்தது. பதின்மூன்றாம் நாள் வளையலகனின் இறக்கை மடங்கியது. அதற்கடுத்த வாரம் அது மெல்லப் பறந்து பார்த்தது. பறக்க முடிந்தது. ஆனாலும் கரும்பன் போவதை நிறுத்தவில்லை. "இரண்டு பேர் கொண்டுவந்தால் குஞ்சு சீக்கிரம் வளரும்" என்றது. வளையலகனும் மறுக்கவில்லை. கரும்பன் மொட்டையடித்த அத்தி மரத்தில் அந்தப் பருவம் மறுபடி காய் வரவே இல்லை.

நயவன் பிறகு அந்தக் காட்டில் தென்படவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு காட்டுப்பன்றியின் வள்ளிக்கிழங்குக் குழிக்கு அது காவல் இருப்பதாகவும், பன்றி நாள்தோறும் ஏதோ இலை தின்பதாகவும் குரங்குகள் பேசிக்கொண்டன.

முதல் மழை விழுந்த அன்று காலை பொன்னலகி உள்ளிருந்து சுவரைக் கொத்தத் தொடங்கியது. காய்ந்த மண் துண்டு துண்டாக விழுந்தது. வளையலகன் ஒரு கிளையில் நின்று பார்த்தது. கரும்பன் கீழே நனைந்துகொண்டு நின்றது. கடைசித் துண்டு விழுந்ததும் பொன்னலகி வெளியே தலையை நீட்டியது. வெளிச்சத்தில் கண் கூசியது. புதிதாக முளைத்த சிறகுகளை ஒருமுறை விரித்து உதறியது. அதன் பின்னால் குஞ்சும் எட்டிப் பார்த்தது.

பொன்னலகி கீழே நின்ற பெரிய கறுப்பு உருவத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது.

"நீங்கள்தானா, அண்ணா?" என்றது. "இத்தனை நாளும் உங்கள் உதட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்."

நீதி: நாக்கை ஏய்க்கலாம், வயிற்றை ஏய்க்க முடியாது.